பங்குனி ஞாயிறும் கொல்லைப் பூக்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டைப் பக்கம் உள்ள எங்கள் வீட்டின் பின்புறத்தில் இரண்டு சென்ட் அளவுக்குக் கொல்லை இருக்கிறது. அங்கே ஒரு வேம்பும், ஒரு முருங்கையும், ஐந்தாறு பூவன் வாழைகளும், கிணற்றடியில் மல்லிகைக் கொடியும், வேலியோரமாகச் செம்பருத்தியும் சங்குப்பூக் கொடியும் நிற்கின்றன. ஆண்டுதோறும் பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், எங்கும் போகாமல், யாரையும் அழைக்காமல், அன்று கொல்லையில் பூத்ததைக் கொண்டே மதியச் சமையலை முடித்து, மாலையில் மல்லிகை கட்டி அமர்வது என் ஆச்சி காலத்திலிருந்து வந்த வழக்கம். அந்த நாளைப் பற்றி உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் என்னிடம் கேட்ட கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்லிவரும் விடைகளையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

இந்த நாளுக்குப் பங்குனி மாதமே ஏற்றது என்பது ஏன்?

வேம்பும் முருங்கையும் மல்லிகையும் ஒருசேரப் பூத்து நிற்பது பங்குனியிலும் சித்திரையின் முற்பகுதியிலும்தான். வாழை எந்த மாதத்திலும் பூத் தள்ளும் என்பதால் அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. மேலும், சித்திரை முதல் நாளன்று வைக்கும் மாங்காய்ப் பச்சடிக்கு வேப்பம்பூ தேவை. பங்குனியிலேயே சேகரித்து உலர்த்திவிட்டால் அன்று கடைக்கு ஓட வேண்டாம். வேறு மாதத்தில் இப்படி ஒரு நாளை அமைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் பூக்களை மாற்றிக்கொள்ளலாம். கோலத்தின் நடுவே சாண உருண்டையில் பூசணிப்பூ வைக்கும் மார்கழியில் அந்தப் பூவையே பஜ்ஜிக்கும் துவையலுக்கும் எடுத்துக்கொள்ளலாம்.

எந்தெந்தப் பூக்களைச் சமையலுக்கு எடுக்கலாம்?

தமிழ்நாட்டு வீடுகளில் தலைமுறைகளாகச் சமைத்துவரும் பூக்கள் என்று எடுத்துக்கொண்டால் வாழைப்பூ, முருங்கைப்பூ, வேப்பம்பூ, அகத்திப்பூ, பூசணிப்பூ, ஆவாரம்பூ ஆகியவற்றைச் சொல்லலாம். செம்பருத்தி இதழும் சங்குப்பூ இதழும் பானத்துக்கு ஏற்றவை. அகத்திப்பூவில் நடுவிலுள்ள மகரந்தக் காம்பைக் கிள்ளி எறிந்தால் கசப்பு குறையும். சங்குப்பூவில் இதழை மட்டும் எடுக்க வேண்டும். அதன் விதையும் வேரும் பேதிக்குக் கொடுக்கப்பட்டவை, அடுக்களைக்கு உரியவை அல்ல. இந்த எல்லைக்குள் நின்றாலே ஒரு வீட்டுக்குப் போதுமான வகை கிடைத்துவிடுகிறது. அழகாக இருக்கிறதே என்பதற்காக வேறு எதையும் வாயில் வைத்துப் பார்க்க வேண்டாம் என்பதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லத் தயாராக இருக்கிறேன்.

தவிர்க்க வேண்டிய பூக்கள் எவை?

முதலில் அரளி. செவ்வரளி, வெள்ளரளி, மஞ்சள் அரளி ஆகிய மூன்றிலும் வேர் முதல் பூ வரை எல்லாப் பகுதிகளிலும் இதயத் துடிப்பைக் குலைக்கும் நச்சுப் பொருள்கள் உள்ளன. உலர்த்தினாலும் கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போவதில்லை. மஞ்சள் அரளியின் கொட்டை உயிரையே பறிக்கக் கூடியது. 2024 மே மாதத்தில் கேரளத்தின் திருவிதாங்கூர், மலபார் தேவஸ்வம் வாரியங்கள் கோயில் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ சேரக் கூடாது என்று முடிவு செய்தன. கோயில்களே இவ்வளவு எச்சரிக்கையாக இருக்கும்போது வீட்டில் நாம் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

எங்கள் வீட்டிலும் அரளி உண்டு. அதை வாசல் பக்கம் வைத்திருக்கிறோம். பூசைக்கு மட்டும் பறிக்கிறோம். சமையலுக்குப் பூ எடுக்கும் கூடையில் அதைப் போடுவதில்லை. வேம்புக்கோ முருங்கைக்கோ அருகில் அரளி நின்றால், கீழே விரித்த துணியில் இரண்டு பூக்களும் கலந்து உதிரும் என்பதை எண்ணிப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

ஊமத்தை அறிவைக் கலக்கி உயிருக்கே ஆபத்தாக முடியும். தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளில், குறிப்பாக அதன் கிழங்கில், கொல்கிசின் என்னும் கொடிய நஞ்சு இருக்கிறது. எருக்கின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்குக் கேடு. நித்தியகல்யாணியிலிருந்து புற்றுநோய்க்கான மருந்துகள் பிரித்தெடுக்கப்படுகின்றன என்பது உண்மை. அந்தக் காரணத்துக்காகவே அதை வீட்டில் மென்று பார்ப்பதும் கஷாயம் வைப்பதும் கூடாது.

பூக்கடையில் வாங்கிய பூவைச் சமைக்கலாமா?

கூடாது. மாலைக்கும் சரத்துக்கும் விற்கப்படும் பூக்கள் உண்பதற்காக வளர்க்கப்பட்டவை அல்ல; பறிக்கும் வரை பூச்சிமருந்து தெளிக்கப்பட்டிருக்கலாம். காய்கறிக் கடையில் விற்கும் வாழைப்பூவும் நாட்டு மருந்துக் கடையில் விற்கும் உலர்ந்த வேப்பம்பூவும் வேறு, அவற்றை வாங்கலாம்.

பூவைப் பறிப்பதால் காய்ப்பு குறையாதா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு, ஏனெனில் அவர்கள் செடியின் பக்கம் நின்று யோசிக்கிறார்கள். பூவின் பருவங்களுக்குத் தமிழில் அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று தனித்தனிப் பெயர்கள் உண்டு. அவற்றுள் ‘வீ’ என்பது உதிர்கின்ற பூவைக் குறிக்கும் சொல். வேப்பம்பூவை நாங்கள் முழுக்க முழுக்க வீயாகத்தான் எடுக்கிறோம். கிளையை உலுக்குவதுகூட இல்லை. முருங்கை ஒரு கொத்தில் ஏராளமாகப் பூத்தாலும் காயாவது மிகச் சிலவே, மற்றவை தாமே உதிர்ந்துவிடும். ஆகவே உதிர்ந்ததைப் பொறுக்கியது போக, அடர்ந்த கொத்துகளிலிருந்து சிறிது கிள்ளினால் காய்ப்பில் வேறுபாடு தெரிவதில்லை.

பூசணியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. பெண்பூவின் அடியில் சுண்டைக்காய் போலப் பிஞ்சு தெரியும். ஆண்பூ நீண்ட மெல்லிய காம்பில் தனியாக நிற்கும். ஆண்பூவை மட்டும், அதிலும் தேனீக்கள் வந்துபோக நான்கைந்தை விட்டுவிட்டு, எடுக்க வேண்டும்.

வாழையிலோ பூவை ஒடிப்பது மரத்துக்கு நன்மையே செய்கிறது. முதலில் விரியும் பெண்பூக்கள்தாம் சீப்புகளாகின்றன. கடைசிச் சீப்பு வந்த பிறகு தொங்கும் பூவில் இருப்பவை ஆண்பூக்கள், அவை காயாவதில்லை. அந்த நிலையில் பூவை ஒடித்துவிட்டால் அதற்குப் போகும் சத்து காய்களுக்குச் சேரும் என்பது வாழை வைத்திருப்பவர்கள் அனைவரும் கைக்கொள்ளும் முறை.

வேப்பம்பூவை எப்படிச் சேகரிப்பது? எப்படிப் பாதுகாப்பது?

முந்தின நாள் மாலையில் மரத்தடியைப் பெருக்கிவிட்டு, பழைய வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்துவிடுகிறோம். விடியும்போது துணி முழுவதும் வெண்பொரி தூவியது போலப் பூ கிடக்கும். அதன் மணத்தில் தேனின் சாயல் இருக்கும். வெயில் ஏறுவதற்குள் துணியைச் சுருட்டி எடுத்து, சுளகில் போட்டுப் புடைத்தால் காய்ந்த இலையும் தூசியும் போய்விடும். மீதமுள்ள காம்புகளைக் கையால் பொறுக்க வேண்டும். இந்தப் பொறுக்கும் வேலைக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகிறது. அந்த ஒரு மணி நேரத்தில் வீட்டில் எல்லோரும் திண்ணையில் சுளகைச் சுற்றி உட்கார்ந்துவிடுகிறோம். பேச வேண்டிய பேச்செல்லாம் அப்போதுதான் வருகிறது. அந்த நாளில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

பொறுக்கிய பூவை மூன்று, நான்கு நாள் வெயிலில் உலர்த்தி, ஈரம் சிறிதும் இல்லாத கண்ணாடிச் சீசாவில் அடைத்தால் அடுத்த பங்குனி வரை கெடாமல் இருக்கும். உப்புப் போட்ட மோரில் ஊறவைத்து, மோர்மிளகாய் போல உலர்த்தி வைத்துக்கொண்டு, வேண்டும்போது வறுத்துத் தயிர்ச்சோற்றுக்குத் தொட்டுக்கொள்வதும் உண்டு.

முருங்கைப்பூவில் புழு இருக்குமே, என்ன செய்வது?

பூவைத் தாம்பாளத்தில் பரப்பிக் கால்மணி நேரம் வைத்தால் சிற்றெறும்புகள் தாமே வெளியேறும். பிறகு உப்பு கரைத்த நீரில் பத்து நிமிடம் போட்டு அலசினால் மொட்டுக்குள் இருக்கும் சிறு புழுக்களும் வந்துவிடும். மரத்தில் கம்பளிப்பூச்சி அடைந்திருக்கும் காலத்தில் அந்த மரத்துப் பூவை விட்டுவிடுவது நல்லது.

வாழைப்பூவைக் கறுக்காமல் ஆய்வது எப்படி?

என்னிடம் மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். வாழைப்பூ சமைப்பதையே பலர் விட்டுவிட்டதற்கு இந்த ஆய்கின்ற வேலைதான் காரணம் என்பதால், சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு தொடங்குங்கள். இல்லாவிட்டால் பிசின் ஒட்டி, விரல் நுனி இரண்டு நாளைக்குக் கறுத்திருக்கும். கருஞ்சிவப்பு மடலை ஒவ்வொன்றாக விலக்கினால், உள்ளே பூக்கள் சீப்பாக வரிசைகட்டி நிற்கும். ஒவ்வொரு பூவிலும் தலையில் உருண்டை முனையுடன் விறைத்த நரம்பு ஒன்று இருக்கும். அதைக் கள்ளன் என்கிறோம். அடியில் கண்ணாடித் தாள் போன்ற சிறு செதில் ஒன்று இருக்கும். இவ்விரண்டும் எவ்வளவு வெந்தாலும் மெத்தென்று ஆகாதவை என்பதால் நீக்கியே ஆக வேண்டும். ஒரு சீப்புப் பூவை மொத்தமாகப் பிடித்து, நுனிகளை உள்ளங்கையில் மெல்லத் தேய்த்தால் பூக்கள் விரியும். பிறகு கள்ளனை எடுப்பது எளிது. உள்ளே போகப் போக மடல் வெளுத்துக்கொண்டே வரும். கடைசியில் தந்தம் போன்ற குருத்து கிடைக்கும். அதில் எதையும் நீக்க வேண்டாம், அப்படியே பொடியாக அரியலாம்.

நறுக்கிய பூ கறுப்பதற்குக் காரணம், அதிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் காற்றுப் பட்டதும் ஒரு நொதியின் தூண்டுதலால் மாற்றமடைவதுதான். கத்தரிக்காயும் ஆப்பிளும் வெட்டியவுடன் நிறம் மாறுவது இதே முறையில்தான். மோரின் புளிப்பு அந்த நொதியின் வேலையை மட்டுப்படுத்துகிறது. நீருக்குள் மூழ்கியிருப்பதால் காற்றும் படுவதில்லை. எனவே ஒரு குழம்புக் கரண்டி மோரைப் பாதிப் பாத்திரத் தண்ணீரில் கலந்து பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, நறுக்க நறுக்க அதில் போட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் நறுக்கி முடித்துவிட்டு மோரில் போடலாம் என்று நினைத்தால் அதற்குள் பாதி கறுத்துவிடும்.

மதியச் சாப்பாட்டுக்கு என்னென்ன, எந்த வரிசையில் செய்கிறீர்கள்?

வாழைப்பூப் பருப்பு உசிலி, முருங்கைப்பூக் கூட்டு, வேப்பம்பூ ரசம், மோர். இவ்வளவுதான். இதற்கு மேல் வடை, பாயசம் என்று சேர்த்தால் அடுக்களையில் நிற்பவருக்கு அந்த நாள் அமைதியான நாளாக இராது. காலைப் பலகாரம் முந்தின நாள் அரைத்த மாவில் இட்லியோடு நின்றுவிடும்.

ஒன்பது மணிக்குக் கடலைப்பருப்பும் துவரம்பருப்புமாக அரைக் கோப்பை ஊறப்போட்டுவிட்டு வாழைப்பூவை ஆயத் தொடங்குவோம். ஊறிய பருப்பை நான்கு வற்றல் மிளகாய், பெருங்காயம், உப்புச் சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்து, இட்லித் தட்டில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வேகவைத்து, ஆறியதும் உதிர்க்க வேண்டும். சூட்டோடு உதிர்த்தால் களியாகிவிடும். பூவை மஞ்சள்தூளும் உப்பும் போட்டு அளவான நீரில் வேகவைத்து, வடித்துப் பிழிந்து, கடுகு உளுந்து கறிவேப்பிலைத் தாளிப்பில் உதிர்த்த பருப்போடு சேர்த்து, உதிரி உதிரியாக வரும்வரை சிறு தீயில் கிளற வேண்டும். எண்ணெயில் சிக்கனம் பார்த்தால் உசிலி தொண்டையில் நிற்கும்.

முருங்கைப்பூ நேர்மாறானது, கொஞ்ச நேரம்தான் தீயில் இருக்க வேண்டும். பாசிப்பருப்பை முக்கால் பதம் வேகவைத்து, வதக்கிய சின்ன வெங்காயத்தையும் பூவையும் போட்டு, ஐந்து நிமிடத்தில் தேங்காயும் சீரகமும் அரைத்துவிட்டு இறக்கிவிட வேண்டும். இரண்டு கை நிறைய அள்ளிப் போட்ட பூ வெந்ததும் ஒரு கைப்பிடியாகச் சுருங்கிவிடும் என்பதை மனத்தில் வைத்து உப்புப் போடுங்கள். புலால் உண்பவர்கள் முட்டையோடு பொரியலாகவும் செய்கிறார்கள். அதுவும் மிகச் சுவையானது.

வேப்பம்பூ ரசம் கசக்கிறது என்று பிள்ளைகள் ஒதுக்கிவிடுகிறார்களே?

பூவைப் பச்சையாக ரசத்தில் கொதிக்கவிட்டால் கசப்பு முழுவதும் நீரில் இறங்கிவிடும். நெல்லிக்காய் அளவு புளியில், துவரம்பருப்புத் தண்ணீர் விட்டு, வற்றல் மிளகாய் தாளித்து ரசத்தை முழுதாக முடித்து இறக்கிவிடுங்கள். அதன் பிறகு ஒரு மேசைக்கரண்டி உலர்ந்த பூவை இரண்டு தேக்கரண்டி நெய்யில் கரும்பழுப்பாகும்வரை வறுத்து, மேலே கொட்டி மூடி, ஐந்து நிமிடம் கழித்துப் பரிமாறுங்கள். நெய்யில் சிவந்த பூவின் மணம் மேலோங்கி, கசப்பு நாவின் ஓரத்தில் மட்டும் நிற்கும். அப்படியும் பிள்ளைகள் மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். நானே பத்து வயது வரை தெளிவை மட்டும் இறுத்துக் குடித்தவன். இப்போது அடிமண்டிப் பூவுக்காகக் கரண்டியைக் கவிழ்க்கிறேன்.

செம்பருத்திப் பானத்தில் எலுமிச்சை விட்டதும் நிறம் மாறுவது எப்படி? சாயம் கலந்ததா என்று சிலர் ஐயப்படுகிறார்கள்.

கலப்படம் எதுவும் இல்லை. செம்பருத்தியிலும் சங்குப்பூவிலும் உள்ள ஆந்தோசயனின் என்னும் நிறமிகள் புளிப்புக்கு ஏற்ப நிறம் மாறும் இயல்புடையவை. ஐந்திதழ்ச் சிவப்புச் செம்பருத்தி பத்து எடுத்து, இதழை மட்டும் இரண்டு கோப்பை வெந்நீரில் பத்து நிமிடம் போட்டு வையுங்கள். நீர் மங்கிய ஊதாவாக இருக்கும். எலுமிச்சை பிழிந்ததும் பளிச்சென்று சிவக்கும். சங்குப்பூ நீர் நீலத்திலிருந்து ஊதாவுக்கு மாறும். மலேசியாவில் நாசி கெராபு என்னும் சோற்றுக்கு நீலம் ஏற்றுவது இதே சங்குப்பூதான். வெல்லம் போட்டால் நிறம் மங்கிவிடும் என்பதால் இதற்கு மட்டும் சர்க்கரை சேர்க்கிறோம். செம்பருத்தி ஒரே நாளில் வாடும் பூ என்பதால் பறித்த காலையிலேயே பயன்படுத்த வேண்டும்.

‘ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ’ என்கிறார்களே, சர்க்கரை நோய்க்கு ஆவாரம்பூ மட்டும் போதுமா?

போதாது. பொங்கலுக்குக் காப்புக் கட்டும்போது வேப்பிலையோடும் பூளைப்பூவோடும் நாம் கட்டும் அந்தப் பூவின் மீது எனக்கு மிகுந்த பற்று உண்டு. பருப்போடு கூட்டாகச் சமைத்தும் உண்கிறோம். ஆனால் உணவு வேறு, மருத்துவம் வேறு. மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டுப் பூக்கஷாயத்தை நம்புவது பெருந்தவறு. மாத்திரையோடு நாள்தோறும் கஷாயமும் குடிக்க விரும்புகிறவர்களும், கருவுற்றிருப்பவர்களும் முதலில் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தோட்டம் இல்லை, மாடியில் தொட்டிகள் மட்டும்தான். என்னென்ன வைக்கலாம்?

செம்பருத்தி, சங்குப்பூ, மல்லிகை மூன்றும் தொட்டியில் நன்றாக வரும். பெரிய பீப்பாய் இருந்தால் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989இல் வெளியிட்ட பி.கே.எம்.1 என்னும் செடிமுருங்கையை விதைக்கலாம். விதைத்த மூன்று, மூன்றரை மாதத்தில் பூக்கத் தொடங்கும். இரண்டரை அடி உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடித்து, கை எட்டும் உயரத்திலேயே பூக்கும். காற்றுக்கு முருங்கைக் கிளை எளிதில் முறியும் என்பதால் சுவரோரமாக வையுங்கள்.

பூச்சிக்கு என்ன தெளிப்பது?

உண்ணும் பூவுக்கு வேப்பெண்ணெய்க் கரைசல் போதும். ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று முதல் ஐந்து மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து, தேனீக்கள் அடங்கிய மாலை நேரத்தில் இலையின் அடிப்புறத்தில் தெளியுங்கள். தெளித்த பூவைச் சில நாள் சமையலுக்கு எடுக்க வேண்டாம்.

மல்லிகையை எப்போது பறித்துக் கட்டுவது?

சந்தைக்கு அனுப்புகிறவர்கள் விடியலுக்கு முன்பே மொட்டைப் பறித்துவிடுகிறார்கள். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியும் அப்படித்தான் கூடையேறுகிறது. வீட்டுக்கென்றால் பிற்பகல் நான்கு மணி போதும். அன்று மாலை விரியப்போகும் மொட்டு பருத்து, பச்சை நீங்கி வெளுத்திருக்கும். சிறியனவாகவும் பசுமையாகவும் இருப்பவற்றை நாளைக்கு விட்டுவிட வேண்டும். கார்த்திகையில் கொடியைத் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டுக் கவாத்துச் செய்திருந்தால் பங்குனியில் கை வலிக்கும் அளவுக்குப் பூ கிடைக்கும்.

கட்டுவதற்கு நூல் வேண்டாம். காலையில் பூவும் மதியம் இலையும் கொடுத்த அதே வாழையின் காய்ந்த மட்டையைக் கிழித்து, நீரில் நனைத்தால் நார் தயார். நனைந்த நார் காம்பை அறுக்காது. இரண்டிரண்டு மொட்டாக எதிரெதிர் வைத்து முடிச்சிட்டுப் போனால், ஆறு மணிக்குள் இரண்டு முழம் கட்டிவிடலாம். ஒரு முழம் சாமி படத்துக்கு. மற்றொன்றை ஈர வாழையிலையில் சுற்றித் திண்ணையில் வைத்துவிடுவோம். விளக்கேற்றிவிட்டு வந்து இலையைப் பிரிக்கும்போது மொட்டுகள் பாதி விரிந்திருக்கும். எதிர்வீட்டு மதினிக்கும் அவர் மகளுக்கும் அதில் ஆளுக்கு அரை முழம் போகும்.